பின் பிரேக் கீச்சிட்டால் எண்ணெய் விடாதீர்கள்

பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை



பயிருக்கு உரம் சொல்ல வேண்டிய ஆள் பிரேக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் இன்றைக்கு உங்கள் விளைச்சல் மாட்டு வண்டியிலா சந்தைக்குப் போகிறது? 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்தது. நம் ஜனங்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். அதைவிடப் பெரிய பிக்கப் வண்டிகளும் இன்று ஊர் ஊராக நிற்கின்றன. தக்காளிக் கூடை, வாழைத்தார், மஞ்சள் மூட்டை, பால் கேன், ஆட்டுக்குட்டி, எரு எல்லாம் அதில்தான் ஏறுகின்றன. பம்ப் செட் எப்படி விவசாயக் கருவியோ, அப்படியே இந்த வண்டியும் ஒரு விவசாயக் கருவி. பம்ப் செட் கெட்டால் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். வண்டியின் பிரேக் கெட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கிராமங்களுக்குப் போகும்போது திரும்பத் திரும்ப ஒரு கேள்வி வருகிறது. "சார், பிரேக் மிதித்தால் பின் சக்கரத்தில் கீச்சுன்னு கத்துது. மூணு தடவை பட்டறையில விட்டாச்சு. பத்து நாள் நல்லா இருக்கு, அப்புறம் மறுபடி கத்துது. என்ன பண்றது?" இதுதான் அந்தக் கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் முன், பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர் வைத்தியம் சொல்லிவிடுவார். "அட, டிரம் இடுக்கில ரெண்டு சொட்டு எண்ணெய் விடப்பா, சரியாப் போயிடும்."

பெருமக்களே, அந்த வைத்தியத்தை மட்டும் செய்யாதீர்கள்.

அப்படி யோசனை சொல்பவர்மேல் குற்றம் இல்லை. கிணற்றுக் கப்பி கீச்சிட்டால் எண்ணெய் விட்டோம், நின்றது. கட்டை வண்டியின் அச்சு கத்தினால் வண்டி மை போட்டோம், நின்றது. கத்தினால் எண்ணெய் என்பது நம் பாட்டன் காலத்துப் பழக்கம். கப்பியும் அச்சும் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டிய பொருள்கள். பிரேக் அப்படி இல்லை. உராய்வதே அதன் வேலை. உராய்வைக் கெடுத்தால் சத்தமும் போகும், பிரேக்கும் போகும். எண்ணெய் விட்ட அன்று சத்தம் நின்றிருக்கும், வீட்டுக்காரருக்கும் சந்தோஷமாக இருக்கும். அடுத்த வாரம் ஒன்றரை டன் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போதுதான் கணக்குத் தெரியும்.

சத்தம் எப்படி வருகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் சாக்பீஸ் கிரீச்சிடுமே, பல்லைக் கூசவைக்குமே, அதே சங்கதிதான். சாக்பீஸ் பலகையில் ஒரே சீராக வழுக்குவதில்லை. ஒட்டுகிறது, விடுபடுகிறது, மறுபடி ஒட்டுகிறது, மறுபடி விடுபடுகிறது. இது வெகு வேகமாக நடப்பதால் சாக்பீஸ் அதிர்ந்து கூவுகிறது. வயலின் வில் தந்தியைக் கூவ வைப்பதும் இந்த வகையில்தான்.

இந்தச் சிறிய சரக்கு வண்டிகளில் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் பின் சக்கரத்தில் டிரம் பிரேக்கும் இருப்பது வழக்கம். டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வார்ப்பிரும்புச் சட்டி. அதற்குள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. ஷூவின் முதுகில் லைனிங் ஒட்டியிருக்கும், அல்லது ரிவெட் அடித்திருக்கும். நீங்கள் மிதித்ததும் வீல் சிலிண்டர் இரண்டு ஷூக்களையும் விரித்துச் சட்டியின் உள்பக்கத்தில் அழுத்துகிறது. எல்லாம் சரியாக அமர்ந்திருந்தால் சத்தமில்லாமல் பிடிக்கும். ஏதோ ஒன்று சரியில்லை என்றால் ஷூ நடுங்கும், அந்த நடுக்கம் சட்டிக்கு ஏறும். சட்டியோ மணி மாதிரி. ஒரு நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அதிர்ந்து ஊரைக் கூட்டிவிடும். ஆக, கத்துவது சட்டி. ஆனால் காரணம் சட்டியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. லைனிங்கை மட்டும் மாற்றி மாற்றிப் பணம் செலவழிப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பட்டறைக்குப் போகும் முன்னால் நீங்களே சத்தத்தைக் கவனிக்க வேண்டும். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் வைத்தியரிடம் எப்போது தீனி தின்றது, எப்போது அசை போட்டது என்று சொல்கிறோம் அல்லவா? அதுபோல மெக்கானிக்கிடம் சொல்ல நாலு விவரம் வேண்டும்.

மழை பெய்த மறுநாள் காலையில், அல்லது வண்டியைக் கழுவி நிறுத்திய மறுநாள், முதல் நாலைந்து தடவை மட்டும் கரகரத்துவிட்டு அப்புறம் அடங்கினால் கவலை வேண்டாம். இரவில் டிரம்மில் படிந்த மெல்லிய துரு அது, தேய்ந்து போய்விடும். பிரேக் மிதிக்கும்போது மட்டும், அதிலும் மெதுவாகப் போகும்போது லேசாக மிதித்தால் மட்டும் கீச்சிட்டால், பெரும்பாலும் தூசியோ, பளபளப்பு ஏறிய லைனிங்கோ, உரசும் இடம் காய்ந்துபோனதோ காரணமாக இருக்கும். இரும்போடு இரும்பு உரசுகிற கறமுற சத்தம் வந்தால், லைனிங் தேய்ந்து ரிவெட் தலை டிரம்மைக் கீறுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த வண்டியில் அதற்கு மேல் ஒரு நடை கூட லோடு ஏற்றக் கூடாது. பிரேக் மிதிக்காமலே சத்தம் வருகிறதா? அப்படியானால் ஷூ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் சக்கர பேரிங் போயிருக்கிறது.

ஷூ விடாமல் பிடிக்கிறதா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. பிரேக்கை அதிகம் உபயோகிக்காமல் நாலைந்து கிலோமீட்டர் சமதளத்தில் ஓட்டி, ஓரமாக நிறுத்துங்கள். இரண்டு பின் சக்கரங்களின் நடுப்பாகத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோய் சூட்டை ஒப்பிடுங்கள். தொடாதீர்கள், வெந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம்தான் நோயாளி. சூடாக இருக்கிறதே என்று வாளித் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடும்.

சரி, இப்போது டிரம்மைக் கழற்றிப் பார்க்கும் விஷயத்துக்கு வருவோம். வேலை தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்யலாம். தெரியாதவர்கள் பட்டறைக்குக் கொண்டுபோய், பக்கத்தில் நின்று பார்க்கலாம். "வண்டியை விட்டுட்டுப் போங்கண்ணே, சாயங்காலம் வாங்க" என்று சொன்னால், "இல்ல தம்பி, நான் இங்கேயே உட்கார்ந்துக்கறேன்" என்று ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டில் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதை ரொம்பப் பேர் யோசிப்பதில்லை. டிரம்மைக் கழற்ற வேண்டுமானால் ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்க வேண்டும். கியரில் போட்டுத்தானே வைத்திருக்கிறேன் என்று நினைப்பீர்கள். பின் சக்கரத்தில் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால் கியர் வண்டியைப் பிடிக்காது. பின் அச்சின் நடுவே உள்ள டிஃபரன்ஷியல், தூக்கிய சக்கரத்தைச் சும்மா சுற்ற விட்டு, தரையில் இருக்கும் சக்கரத்தை உருள விட்டுவிடும். ஆகவே சரக்கை இறக்கிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சுவர் கட்டுவதற்கான கல். முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகுதான் மறு பக்கத்தைக் கழற்ற வேண்டும். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று மறந்துபோனால், கழற்றாத பக்கம் நமக்குப் பாடப் புத்தகம். சில வண்டிகளில் ஆக்ஸிலை உருவினால்தான் டிரம் வரும். அப்படிப்பட்ட வண்டியை வீட்டில் தொடாமல் இருப்பது நல்லது.

டிரம்மைத் திறந்ததும் உள்ளே கரும் தூசி இருக்கும். நம் பட்டறைகளில் என்ன செய்கிறார்கள்? வாயால் ஊதுகிறார்கள், அல்லது காற்றுக் குழாயைப் பிடிக்கிறார்கள். புகை மாதிரி எழும்பி எல்லார் மூக்கிலும் போகிறது. லைனிங்கில் நீண்ட காலமாக அஸ்பெஸ்டாஸ் சேர்த்து வந்தார்கள். இப்போது அது இல்லாத லைனிங்குகளும் கிடைக்கின்றன. ஆனால் உங்கள் வண்டியில் இருப்பது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலில் தங்கினால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அதனால் எந்தத் தூசியானாலும் அஸ்பெஸ்டாஸ் தூசியாகவே மதித்து நடந்துகொள்ளுங்கள். அடியில் ஒரு தட்டை வைத்து, கொஞ்சம் சோப்பு கலந்த தண்ணீரைக் கைத் தெளிப்பானால் பூவாகத் தெளித்து, நனைந்த பிறகு துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியை ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். ஒன்றை மறந்துவிட்டேனே என்று பின்னால் வருந்தக் கூடாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்: பூச்சி மருந்து அடித்த தெளிப்பானை இதற்கு எடுக்காதீர்கள்!

தூசி போன பிறகு லைனிங்கைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருந்தால் அது சூட்டில் வெந்து இறுகிப்போயிருக்கிறது. லோடு அதிகம் ஏற்றுகிறவர்கள், இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வருகிறவர்கள் வண்டியில் இது அதிகம். தடிமன் போதுமானதாக இருந்தால், கரடுமுரடான உப்புத்தாளை நனைத்து, குறுக்காகத் தேய்த்துப் பளபளப்பை எடுக்கலாம். லைனிங்கின் இரு முனைகளும் கூர்மையாக இருந்தால் அந்த முனையை அரத்தால் லேசாகச் சாய்த்துச் சீவிவிடுங்கள். முனை நேராகக் குத்திக்கொண்டு நிற்பதாலேயே கீச்சிடும் வண்டிகள் உண்டு. ரிவெட் தலைக்கும் லைனிங்கின் மேல்பரப்புக்கும் இடையே 1 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மாற்றிவிடுங்கள். மாற்றுவதாக இருந்தால் இரு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால், நனைந்த ரோட்டில் பிரேக் அடிக்கும்போது வண்டியின் வால் ஒரு பக்கமாக இழுக்கும்.

டிரம்மையும் பாருங்கள். உள்பக்கம் விரல் நகத்தால் வருடினால் வரப்பு மாதிரி தட்டுப்படுகிறதா? நீலம் பாரித்த புள்ளிகள் இருக்கின்றனவா? அவை அதிகச் சூட்டின் அடையாளம். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதுபோல டிரம்மைத் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது. சொத்தென்று அடங்கிப்போனால் எங்கோ விரிசல் இருக்கிறது, அதைத் திரும்ப மாட்டவே கூடாது. கீறல் விழுந்த டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம். ஆனால் எவ்வளவு வேண்டுமானாலும் கடையலாம் என்று நினைக்கக் கூடாது. பல டிரம்களில் உள்விட்டம் அதிகபட்சம் இவ்வளவுதான் என்று வார்ப்பிலேயே அளவு போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் புதுசுதான்.

புது லைனிங் போட்ட பிறகும் கத்துகிறது என்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். செலவு ஒரு சாக்பீஸ்தான். லைனிங் முழுக்கச் சாக்பீஸைப் பூசி, டிரம்மை மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் டிரம்மில் படுகிறது. பரவலாக அழிந்திருந்தால் சரி. இரு முனையிலும் மட்டும் அழிந்திருந்தால் லைனிங்கின் வளைவு டிரம்மின் வளைவோடு ஒத்துப்போகவில்லை. முனைகள் கவ்விக் கவ்வி விடும், கீச்சிடும். எத்தனை தடவை மிதித்தாலும் அது உடனே அடங்காது. விலை மலிவாக இருக்கிறதே என்று பெயர் மட்டும் ஒத்த ஏதோ பெட்டியை வாங்கிப் போட்டால் இந்தத் தொல்லை வர இடமுண்டு.

இனி, அநேகம் பேர் கவனிக்காத ஒரு இடம். ஷூக்களுக்குப் பின்னால் ஒரு தகடு இருக்கிறது. பேக் பிளேட் என்பார்கள். ஷூவின் ஓரம் அந்தத் தகட்டில் சில மேடுகளின் மேல் உட்கார்ந்து முன்னும் பின்னும் நகர்கிறது. பெரும்பாலும் ஒரு ஷூவுக்கு மூன்று மேடு. வருஷக் கணக்கில் உரசி உரசி அந்த மேட்டில் குழி விழும், துரு ஏறும். ஷூ அந்தக் குழியில் சிக்கிச் சிக்கி நகரும். லைனிங் புதுசு, டிரம் புதுசு, இருந்தாலும் கத்தும்! மேட்டைச் சுத்தம் செய்து, குழி ஆழமில்லை என்றால் அரத்தால் சமப்படுத்தி, ஒவ்வொரு மேட்டிலும் பச்சைப் பயறு அளவுக்கு, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் தடவ வேண்டும். பிரேக்குக்குள் நீங்கள் உங்கள் கையால் மசகு வைக்கக்கூடிய இடம் இதுவும், அட்ஜஸ்டரின் மரையும்தான். சாதாரண சேசிஸ் கிரீஸ் உதவாது. அது சூட்டில் உருகி லைனிங்கில் வழிந்துவிடும். அளவும் முக்கியம். வண்டி மை மாதிரி அப்பிவிடக் கூடாது.

ஸ்பிரிங்குகளையும் கவனிக்க வேண்டும். ஷூவைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்துபோனால் ஷூ டிரம்மிலிருந்து விலகாது. ஷூவைத் தகட்டோடு பிடித்து வைக்கும் சிறிய ஸ்பிரிங் தளர்ந்தால் ஷூ ஆடும், நடுங்கும். விலை அதிகமில்லாத சாமான் இது. லைனிங் மாற்றும்போது கூடவே மாற்றிவிடுவது உத்தமம். அட்ஜஸ்டரை இடது பக்கத்தது வலதுக்கு, வலது பக்கத்தது இடதுக்கு என்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள். மரை எதிரெதிராக இருக்கும். மாறிப்போனால் இறுக்க வேண்டிய நேரத்தில் தளர்த்தும். ஹேண்ட் பிரேக் கேபிளும் சேறு புகுந்து துருப்பிடித்தால் இழுத்த இடத்திலேயே நின்றுவிடும். நீங்கள் லீவரை விட்டுவிட்டோம் என்று நினைத்து ஓட்டுவீர்கள். உள்ளே ஷூ பிடித்துக்கொண்டே வரும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது எண்ணெய்க் கசிவு. யாரும் ஊற்றாமலே லைனிங்குக்கு எண்ணெய் வந்து சேரும். அது இரண்டு வழியில் வரலாம். ஒன்று, வீல் சிலிண்டர் ரப்பர் தேய்ந்து பிரேக் ஆயில் கசிவது. ரப்பர் உறையை மெல்லத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம் தெரியும். மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் ஆயில் மட்டம் குறைந்துகொண்டே வரும். இன்னொன்று, பின் அச்சுக்குள் இருக்கும் கியர் ஆயில், ஹப் பக்கத்து சீலைத் தாண்டி வருவது. கையில் தொட்டு முகர்ந்து பார்த்தால் கியர் ஆயிலுக்கு ஒரு கந்தக வாடை இருக்கும்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு மஞ்சள் விவசாயி. ஒரே வருஷத்தில் மூன்று தடவை ஒரே பக்கத்து லைனிங்கை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் எண்ணெயில் ஊறியிருந்தது. ஒவ்வொரு தடவையும் சீலும் புதிதாகப் போட்டார்கள். கடைசியில் வேறொரு பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர், சக்கரத்தைத் தொடாமல், குனிந்து பின் அச்சின் மேலே விரலை விட்டுத் தடவினார். அங்கே பிரீதர் என்று ஒரு சிறிய மூச்சுக் குழல் இருக்கிறது. வண்டி ஓடி அச்சு சூடேறும்போது உள்ளே காற்று விரியும். அந்தக் காற்று வெளியேறத்தான் அந்தக் குழல். வயல் சேற்றில் வண்டியை இறக்கி ஏற்றியதில் அது களிமண்ணால் அடைத்து, வெயிலில் காய்ந்து, செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. காற்று போக வழியில்லை. அழுத்தம் ஏறி, ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. புதுச் சீல் என்ன செய்யும், பாவம்! ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார். அதற்கப்புறம் போட்ட லைனிங் இன்னும் ஓடுகிறது. அச்சில் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே கதைதான் நடக்கும். வயலுக்குள் இறங்கும் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த மூச்சுக் குழலை மாதம் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

எண்ணெய் ஊறிய லைனிங்கை மண்ணெண்ணெயில் கழுவிப் போடுகிறார்கள். பெட்ரோலில் நனைத்துக் கொளுத்திக்கூடப் போடுகிறார்கள். எண்ணெய் மேலாக இல்லை; உள்ளே இறங்கியிருக்கிறது. மறுபடி சூடு ஏறியதும் வியர்வை மாதிரி வெளியே வரும். கசிவை நிறுத்தி, இரு பக்கமும் புது லைனிங் போடுவதுதான் வழி. வீல் சிலிண்டர் ரப்பரையும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது. ரப்பர் ஊதிவிடும். பிரேக் ஆயிலாலேயே கழுவ வேண்டும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை மாஸ்டர் சிலிண்டரில் ஊற்றினாலும் அதே கேடுதான், ஒரேயடியாக எல்லா ரப்பரும் போகும்.

பிரேக் ஆயில் பற்றி ஒரு வார்த்தை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது, உப்பு மாதிரி. டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரி தாங்கினால் போதும் என்பதுதான் அதற்கு வைத்த அளவுகோல். டாட் 4 ரகத்துக்கு இதே கணக்கு 230-ம் 155-ம். இறக்கத்தில் சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவியை அமுக்கலாம், அது பிரேக்கை அமுக்காது. கால் அடி வரை போகும். ஆகவே வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன கெடுவுக்கு ஆயிலை மாற்றுங்கள். பாதி உபயோகித்து மூடி திறந்து கிடந்த டப்பாவை எடுத்து ஊற்றாதீர்கள்.

புது லைனிங் போட்ட வண்டியைப் புது மாடு போலப் பழக்க வேண்டும். முதல் 200, 300 கிலோமீட்டர் வரை முழு லோடு வேண்டாம். நாற்பது வேகத்தில் போய் மிதமாக மிதித்துக் குறைத்து, கொஞ்ச தூரம் ஆறவிட்டு, மறுபடி மிதமாக மிதித்து, இப்படி இருபது தடவை செய்தால் லைனிங்கும் டிரம்மும் ஒன்றுக்கொன்று உட்காரும். போட்ட அன்றே கொல்லிமலை ஏறி இறங்கினால் மறுபடி பளபளப்புத்தான் ஏறும்.

கொல்லிமலை என்றதும் நினைவுக்கு வருகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு அந்தப் பாதையில். மேட்டுப்பாளையத்துக்குக் கிழங்கும் கேரட்டும் இறக்கி வருகிறவர்களுக்கும் நீலகிரி இறக்கம் தெரியும். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்களே, அதைப் போல வேறு முட்டாள்தனம் இல்லை. கியரில் இருந்தால் பாதிப் பிடிமானத்தை இன்ஜின் கொடுக்கும். எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். இன்னும் சிலர் இன்ஜினையே நிறுத்திவிட்டு உருட்டுகிறார்கள். பிரேக்குக்கு உதவும் பூஸ்டர், இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். நிறுத்திய பிறகு ஒன்றிரண்டு மிதிக்குத்தான் அதில் பலம் மிஞ்சியிருக்கும். அப்புறம் கல்லை மிதிப்பது போல இருக்கும்.

பாரம் அதிகம் ஏற்றுவதற்காகப் பின்னால் கூடுதலாகப் பட்டை போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சில வண்டிகளில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு கம்பி இணைந்து, லோடுக்குத் தக்கபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பட்டை போட்டதும் வண்டி உயர்ந்துவிடும். லோடு இருந்தாலும் காலி வண்டி என்று நினைத்து அது அழுத்தத்தைக் குறைத்துவிடும். சிலர் அந்தக் கம்பியைக் கட்டுக்கம்பியால் தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். அப்போது காலி வண்டியில் பின் சக்கரம் சிக்கென்று பூட்டிக்கொண்டு வழுக்கும். இரண்டுமே வேண்டாம்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். களை எடுக்கப் போகிற பெண்கள் காலையில் அதில்தான் நின்றுகொண்டு போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ரோட்டில் போகிற எல்லாருக்கும் தெரியும். அந்த வண்டியின் பின் சக்கரம் கத்திக்கொண்டு போனால், ஓட்டுகிற தம்பியை நிறுத்தச் சொல்லுங்கள். எஃப்.சி. காட்டுகிற தேதி வரட்டும் என்று அவர் சொன்னால் கேட்காதீர்கள். டிரம்மைக் கழற்றிப் பார்க்க ஒரு காலைப் பொழுது போதும்.